8 ஜிபிக்கு ஒரு பூட்டு

2001 நவம்பரில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த எக்ஸ்பாக்ஸை வாங்கியவர்களில் சிலர் விளையாடுவதற்கு முன்பே ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்கள். உள்ளே இருந்தது ரொம்பப் பழக்கமான சமாச்சாரம். 733 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இன்டெல் பிராசஸர், 64 எம்பி ராம், சாதாரண ஐடிஇ கேபிளில் தொங்கும் ஒரு ஹார்ட் டிஸ்க். ஆபீஸ் மேஜைக்கு அடியில் தூசியோடு கிடக்கும் பிசிதான், கறுப்புப் பெட்டிக்குள். பிளேஸ்டேஷன் 2 அப்போது 8 எம்பி மெமரி கார்டை நம்பி இருந்தது. இங்கே 8 ஜிபி. சில பெட்டிகளில் 10 ஜிபி டிஸ்க்கே இருந்தது, ஆனால் கன்சோல் தொட்டது 8 ஜிபியை மட்டும்தான்.

சாதாரண டிஸ்க்தானே, கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்று மாட்டலாமே? மாட்டினால் எரர் காட்டிவிட்டு நின்றுவிடும். கழற்றிய பழைய டிஸ்க்கைப் பிசியில் சொருகினால் இன்னும் வேடிக்கை. தன் மாடல் பெயரைச் சொல்லும், சீரியல் நம்பரைச் சொல்லும், ஒரு பைட்டைக்கூடப் படிக்க விடாது.

மைக்ரோசாஃப்ட் இதற்காகப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஹார்ட் டிஸ்க்குக்குப் பாஸ்வேர்டு போடும் வசதி ஏடிஏ தரத்திலேயே இருந்தது, பிசி உலகத்தில் அதை யாரும் பெரிதாகச் சீண்டவில்லை, அவ்வளவுதான். எக்ஸ்பாக்ஸின் மதர்போர்டில் ஈப்ராம் என்ற குட்டி சிப். அதில் அந்தப் பெட்டிக்கே உரிய ஒரு சாவி. அந்தச் சாவியையும் டிஸ்க்கின் மாடல் பெயரையும் சீரியல் நம்பரையும் சேர்த்து அரைத்துத்தான் பாஸ்வேர்டு உருவாகும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கன்சோல் அதை டிஸ்க்கின் காதில் சொல்லும். பெட்டியும் டிஸ்க்கும் கட்டிவைத்த ஜோடி. பக்கத்து வீட்டு எக்ஸ்பாக்ஸின் டிஸ்க்கூட உங்கள் பெட்டியில் ஓடாது.

அதை உடைத்த விதம்தான் எனக்குப் பிடித்த பகுதி. பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்கவே வேண்டாம். ஒருமுறை திறந்த டிஸ்க், கரண்ட் போகும்வரை திறந்தேதான் இருக்கும். எக்ஸ்பாக்ஸை ஆன் செய், அது தானாகவே டிஸ்க்கைத் திறக்கட்டும், பவர் கேபிளை விட்டுவிட்டு டேட்டா கேபிளை மட்டும் பிடுங்கி, ஓடிக்கொண்டிருக்கும் பிசியில் சொருகு. கை நடுங்கினால் இரண்டு மெஷினும் போகலாம். வீட்டுக்காரரே கதவைத் திறக்கும்வரை வாசலில் நின்று கூடவே உள்ளே நுழைவது மாதிரி. இந்தச் செக்யூரிட்டி ஓட்டை இன்றுவரை பல சிஸ்டங்களில் வேறு வேறு பெயர்களில் வாழ்கிறது.

எதற்கு இவ்வளவு பாடு? 299 டாலருக்கு விற்ற அந்தப் பெட்டி கம்பெனிக்கு நஷ்டம். போட்டதைக் கேம் விற்றுத்தான் எடுக்க வேண்டும். நஷ்டத்தில் விற்ற மலிவு பிசியை வாங்கிப் போய் யாராவது லினக்ஸ் ஓட்டினால் கணக்கு உதைக்கும். டிஸ்க்கைத் திறந்துவிட்டால் கேம்களைக் காப்பி அடித்து நிரப்புவார்கள் என்ற பயமும் பொய்யில்லை, நிறைய பேர் அதைத்தான் செய்தார்கள். ஆனால் அதே கூட்டத்திலிருந்துதான் எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டரும் வந்தது. அதன் இன்றைய பெயர் கோடி.

மைக்ரோசாஃப்ட் கற்றுக்கொண்ட பாடம் வேறு. சிப்புகளின் விலை வருஷா வருஷம் இறங்கும். ஹார்ட் டிஸ்க்கோ மோட்டாரும் தட்டும் உள்ள இயந்திரம், அதன் விலை ஒரு தளத்துக்குக் கீழே போகாது. அதனால் 2005-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360-ன் மலிவு மாடலில் டிஸ்க்கே கிடையாது. விலை கூடிய மாடலில் 20 ஜிபி, கழற்றி மாட்டும்படி ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள். கூட்டை உடைத்தால் உள்ளே சாதாரண லேப்டாப் டிஸ்க். ஆனால் அதன் ஒரு மூலையில் சீரியல் நம்பரோடு கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து. கையெழுத்து இல்லாத டிஸ்க் செல்லாது. 2007-இல் 120 ஜிபி கூடு ஏறக்குறைய 180 டாலர். அந்த விலையில் பெரும்பங்கு கையெழுத்துக்குத்தான் என்பது என் கணிப்பு.

சோனி நேர்மாறாக நடந்தது. 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3-இல் ஒரு மூடி, அதற்குள் ஒரு நீல ஸ்க்ரூ. கழற்று, எந்தக் கடையிலும் கிடைக்கும் 2.5 இன்ச் சாட்டா டிஸ்க்கை மாட்டு, கன்சோலே ஃபார்மேட் செய்துகொள்ளும். சோனியே வழிமுறை கொடுத்திருந்தது. பிளேஸ்டேஷன் 4-இல் அந்த ஸ்க்ரூவின் தலையில் கன்ட்ரோலரின் நான்கு சின்னங்களைப் பொறித்தே வைத்தார்கள்.

இதைப் பார்த்து சோனியை நல்லவனாக்கிவிட வேண்டாம். பிஎஸ்3 டிஸ்க்கில் எழுதியதெல்லாம் அந்தப் பெட்டிக்கே உரிய சாவியால் என்க்ரிப்ட் ஆனது. பாத்திரத்தை மாற்றலாம், உள்ளே இருக்கும் குழம்பு அவர்களுடையது. மதர்போர்டு செத்தால் டிஸ்க் நல்லபடியாக இருந்தும் பிரயோஜனமில்லை. முன்னெச்சரிக்கையாக சேவ் ஃபைல்களை யுஎஸ்பியில் காப்பி எடுத்து வைக்கலாம்தான், ஆனால் சில கேம்கள் அதற்கும் விடுவதில்லை. லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தந்திருந்த வசதியையும் 2010 ஏப்ரலில் ஒரே அப்டேட்டில் பிடுங்கிக்கொண்டார்கள்.

பூட்டுக்கு நிஜமான விலை பத்து, இருபது வருஷம் கழித்துத்தான் தெரிகிறது. முதல் எக்ஸ்பாக்ஸின் ஆன்லைன் சேவை 2010 ஏப்ரலில் நின்றது. அதன் வழியாக மட்டுமே கொடுத்த கூடுதல் லெவல்களும் மேப்களும் அதன்பின் யாரோ ஒருவர் எப்போதோ டவுன்லோடு செய்த டிஸ்க்குகளில்தான் பிழைத்திருந்தன. அந்த டிஸ்க்குகளுக்கு இருபது வயது தாண்டிவிட்டது, ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருக்கின்றன. கூடவே இன்னொரு எதிரி: கடிகாரத்துக்காக மதர்போர்டில் வைத்த சின்னக் கெபாசிட்டர். அது கசிந்து சுற்றியுள்ள தாமிரக் கோடுகளை அரிக்கிறது. போர்டு போனால் ஈப்ராமில் இருக்கும் சாவியும் எட்டாமல் போகலாம். சாவி இல்லாத டிஸ்க், அன்று போலவே, பெயரை மட்டும் சொல்லும்.

எக்ஸ்பாக்ஸ் 360-ன் கடையும் 2024 ஜூலை 29-இல் மூடிவிட்டது. பிஎஸ்3 கடையை மூடுவதாக 2021 மார்ச்சில் அறிவித்த சோனி, எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே பின்வாங்கியது.

சட்டம் இதையெல்லாம் மெதுவாகத்தான் பார்க்கிறது. டிஜிட்டல் பூட்டை உடைப்பதை அமெரிக்கா 1998-இல் குற்றமாக்கியது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை விதிவிலக்குகள் கொடுப்பார்கள். 2021-இல் வீடியோ கேம் கன்சோல் ரிப்பேருக்கும் ஒன்று கிடைத்தது. ஆப்டிகல் டிரைவுக்கு மட்டும். அதுவும் வேலை முடிந்ததும் உடைத்த பூட்டைப் பழையபடி போட்டுவிட வேண்டும். ஹார்ட் டிஸ்க் அந்த வரியில் இல்லை.

சட்டம் சொல்லட்டும் என்று பழைய எக்ஸ்பாக்ஸ் சேகரிப்பவர்கள் காத்திருக்கவில்லை. பெட்டி கைக்கு வந்ததும் கேம் போடுவதில்லை. முதலில் கெபாசிட்டரைப் பிடுங்குகிறார்கள், சுற்றிலும் துடைக்கிறார்கள். ஈப்ராமை நகலெடுத்து இரண்டு இடத்தில் வைக்கிறார்கள். அப்புறம் 2002-இல் பசங்கள் கண்டுபிடித்த அந்தக் கேபிள் வித்தையையோ அதன் சொகுசான வாரிசுகளில் ஒன்றையோ வைத்து டிஸ்க்கைத் திறந்து, யாரோ ஒருவருடைய பழைய சேவ் ஃபைல்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள்.