சிகரமும் சுமையும்

மலையைக் கண்டு வியப்பதும் அஞ்சுவதும் வணங்குவதும் மனித இனத்தின் பழைய வழக்கங்கள். அதன் முடியை மிதித்துவிட வேண்டும் என்னும் வேட்கையோ மிகவும் பிற்காலத்தது. ஆல்ப்சு மலைத்தொடரின் மோன் பிளாங்க் சிகரத்தை 1786ஆம் ஆண்டில் இருவர் அடைந்ததையே இன்றைய மலையேற்றக் கலையின் தொடக்கமாகக் கொள்வர்.

உலகில் 8,000 மீட்டரைக் கடந்த சிகரங்கள் பதினான்கு. அவை யாவும் இமயத்திலும் காரகோரத்திலும் உள்ளன. அவற்றுள் தலையாயது எவரெஸ்ட். அதன் வரலாற்றை ஒரு தேதியிலும் இரண்டு பெயர்களிலும் அடக்கி மாணவர்க்குச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றைப் படிப்போர்க்கு வேறொரு வினா எழும். முடியை அடைந்தவர் பெயர் நிலைத்துவிட்டது. அவர் அங்குச் செல்வதற்கான சுமையைத் தூக்கியவர் பெயர் எங்கே?

பரங்கிமலையிலிருந்து இமயம் வரை

எவரெஸ்டின் கதை சென்னையை அடுத்த பரங்கிமலை அருகே தொடங்குகிறது என்றால் சிலர் வியப்படையலாம். 1802ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி அங்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தார். அக்கோட்டின்மீது முக்கோணங்களை ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டே சென்று, இந்தியா முழுவதையும் அளப்பது அவர் தொடங்கிய பெரும்பணி. அதற்குப் பயன்பட்ட கோணமானி அரை டன் எடையுடையது. 1808ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலில் அதை உயர ஏற்றியபோது கயிறு அறுந்து, கருவி கோபுரத்தில் மோதிப் பழுதடைந்தது. அதனைக் குன்றுதோறும் சுமந்து சென்றவர்களில் பலர் காட்டுக் காய்ச்சலுக்கு இரையாயினர். அவர்களைப் பற்றிய குறிப்பு மிகச் சொற்பமே.

அரை நூற்றாண்டு கழித்து, அம்முக்கோண வலை இமயத்தின் அடிவாரத்தை எட்டியது. ‘பதினைந்தாம் சிகரம்’ என்று எண்ணிட்டுக் குறிக்கப்பெற்ற முடியே உலகில் மிக உயர்ந்தது என்பதை 1852ஆம் ஆண்டுக் கணக்கீடுகள் காட்டின. அக்கணக்கீட்டில் முதன்மையாக நின்றவர் வங்காளத்தைச் சேர்ந்த கணித வல்லுநர் இராதாநாத் சிக்தார். 1856ஆம் ஆண்டில் அதன் உயரம் 29,002 அடி என்று அறிவிக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டில் நேப்பாளமும் சீனாவும் இணைந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்பது மீட்டரே! ஆயினும், திபெத்தியர் சோமோலுங்மா என்று போற்றிய அம்மலைக்கு 1865ஆம் ஆண்டில் முந்தைய நில அளவைத் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்டின் பெயரே சூட்டப்பட்டது.

மலையின் சோதனைகள்

இத்தகைய மலையில் ஏறுவோர் எதிர்கொள்வது உயரத்தை மட்டுமன்று. உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கே. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளி மிகக் குறைவு. 8,000 மீட்டருக்கு மேற்பட்ட பகுதியை ‘மரண மண்டலம்’ என்று மலையேறிகள் அழைப்பர். அங்கு உடல் தேய்ந்துகொண்டே வரும், பசி மறையும், உறக்கம் வாராது, அறிவு மயங்கும். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துவிட்டால் உடனே கீழே இறங்குவதன்றி வேறு வழியில்லை. கடுங்குளிரில் விரல்கள் உறைந்து கருகுவதும் உண்டு. மே மாதத்தில் சில நாள்களே காற்றின் வேகம் தணியும். அந்நாள்களைத் தவறவிட்டால் அப்பருவத்தின் முயற்சியும் வீணாகும்.

கூடாரம், கயிறு, உணவு, உயிர்வளிக் கலன் ஆகியவற்றை ஒரு முகாமிலிருந்து அடுத்த முகாமுக்குக் கொண்டு சேர்த்தாலன்றி எவரும் உச்சியை நெருங்க இயலாது. ஏறுவோரில் பெரும்பாலோர் ஆபத்தான இடங்களைச் சில முறையே கடப்பர். சுமப்பவரோ மீண்டும் மீண்டும் கடக்க வேண்டும். நேப்பாளத்தின் உயர்நிலங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ஷெர்ப்பா மக்கள் இப்பணிக்கு வந்தது இவ்வாறே.

எழுவரின் மறைவு

நேப்பாளம் அயலார்க்கு அடைக்கப்பட்டிருந்த காலத்தில், ஆங்கிலேயர் திபெத்தின் வழியாக முயன்றனர். 1922ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், புதுப்பனி படிந்திருந்த சரிவில் ஜார்ஜ் மலோரியும் உடன் வந்தோரும் மேலேறிக்கொண்டிருந்தனர். பனிச்சரிவு உருண்டு வந்தது. ஆங்கிலேயர் மூவரும் உயிர் தப்பினர். சுமையாளர் எழுவர் மாண்டனர். எவரெஸ்ட் முயற்சிகளில் பனிச்சரிவு கொண்ட முதற்பலி அவர்களே.

அன்று உயிர் தப்பிய மூவருள் ஒருவர் ஹோவர்டு சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர். இறந்தவர்களுள் தம்மவர் ஒருவரும் இல்லையே என்பது அவருக்கு நாணத்தையும் வேதனையையும் தந்தது. மலையிலிருந்து இறங்கிய அவர் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டு, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூருக்கு வந்தார். அங்கிருந்த மருத்துவமனையில் காத்துக்கிடந்த நோயாளர் கூட்டத்தைக் கண்டார். தம் வாழ்வை அங்கேயே செலவிடத் துணிந்தார். 1924ஆம் ஆண்டு முயற்சியில் மீண்டும் பங்கேற்று 8,500 மீட்டர் உயரம் வரை சென்று திரும்பிய அவர், பின்னர் நெய்யூரிலும், 1949 முதல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் நெடுங்காலம் தொண்டாற்றினார். உலகம் அவரை மலையேறி என்று நினைவில் வைத்திருக்கலாம். நெய்யூர் வட்டாரத்து ஏழை மக்களுக்கோ அவர் மருத்துவர்.

அதே 1924ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் மலோரியும் ஆண்ட்ரூ இர்வினும் உச்சியை நோக்கிச் சென்று மறைந்தனர். மலோரியின் உடல் 1999ஆம் ஆண்டில்தான் கண்டெடுக்கப்பட்டது. அவ்விருவரைப் பற்றி நூல்கள் பல உள்ளன. 1922இல் இறந்த எழுவரைப் பற்றிச் சில வரிகளே உள்ளன.

ஒரே கயிற்றில் இருவர்

1953ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் முற்பகல் 11.30 மணிக்கு எட்மண்ட் ஹிலாரியும் டென்சிங் நார்கேயும் எவரெஸ்டின் உச்சியில் நின்றனர். ஜான் ஹண்ட் தலைமையேற்ற அக்குழுவுக்காக முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் சுமை தூக்கினர். இறுதி முகாமுக்கான பொருள்களை முந்திய நாள் லோ, கிரெகரி, ஆங் நிமா என்னும் மூவர் உடன் சுமந்து வந்து வைத்துவிட்டு இறங்கினர். அம்மூவரும் இல்லையேல் அம்முகாம் இல்லை. முகாம் இல்லையேல் வெற்றியும் இல்லை.

டென்சிங் 1935ஆம் ஆண்டில் எளிய சுமையாளராக எவரெஸ்டுக்கு முதன்முதல் வந்தவர். 1953ஆம் ஆண்டு முயற்சி அவருக்கு ஏழாவது. வெற்றிக்குப் பின் ஹிலாரியும் ஹண்டும் ‘சர்’ பட்டம் பெற்றனர்; டென்சிங்குக்குக் கிடைத்தது ஜார்ஜ் பதக்கம். உச்சியில் முதலில் கால் வைத்தவர் யார் என்று நாடுகள் வழக்காடின. எழுதப் படிக்கத் தெரியாத அப்பெருமகனார், 1955ஆம் ஆண்டில் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில், ஹிலாரியே முதலில் ஏறினார் என்ற உண்மையைத் தயங்காமல் கூறினார். ஒரே கயிற்றால் பிணைக்கப்பட்டவர்க்குள் முன்பின் என்பது பெரிதன்று என்பதே அவர் கருத்து.

நமக்குரிய பங்கு

1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் மு. மகேந்திரனும் நா. மோகனதாசும் ஷெர்ப்பாக்களின் துணையோடு எவரெஸ்டின் உச்சியை அடைந்தனர். அம்முடியில் நின்ற முதல் மலேசியர் இருவரும் தமிழர் என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி. ஆனால் அப்பெருமிதத்தோடு மற்றொன்றையும் நாம் நினைத்தல் வேண்டும். இந்நாட்டின் காடுகளை அழித்துத் தோட்டம் கண்டும், இரயில் பாதைகளும் சாலைகளும் அமைத்தும் மாண்ட நம் முன்னோரில் பெயர் தெரிந்தவர் எத்தனை பேர்? சுமந்தவர் பெயர் மறக்கப்படுவதன் வலியை நாம் அறிவோம். ஆகவே, மகேந்திரன், மோகனதாஸ் பெயர்களைச் சொல்லும்போது, உடன் ஏறிய ஷெர்ப்பாக்களையும் சேர்த்துச் சொல்லும் கடமை நமக்கு உண்டு.

அக்கடமை பழங்கதையைப் பற்றியது மட்டுமன்று. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், எவரெஸ்டின் தென்வழியிலுள்ள கும்பு பனியருவியில் பனிப்பாறை சரிந்து, பிறர் ஏறுவதற்காக உழைத்துக்கொண்டிருந்த நேப்பாளத் தொழிலாளர் பதினாறு பேர் மாண்டனர். இறுதிச் செலவுக்கென அரசு முதலில் அறிவித்த தொகை குடும்பத்திற்கு நாற்பதாயிரம் நேப்பாள ரூபாய். ஷெர்ப்பாக்கள் கொதித்தெழுந்தனர், அப்பருவத்தில் மேலே ஏற மறுத்தனர்.

ஏழாண்டுகள் கழிந்தன. காரகோரத்திலுள்ள 8,611 மீட்டர் உயரமான கே-2 சிகரத்தை அதுவரை எவரும் குளிர்காலத்தில் வென்றதில்லை. 2021ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் நேப்பாளத்தைச் சேர்ந்த பதின்மர் அதன் உச்சியை நெருங்கினர். முன்னே சென்றவர்கள் முடிக்குச் சில மீட்டர் கீழே நின்று, பின்னே வருவோர்க்காகக் காத்திருந்தனர். பின்னர்த் தோளோடு தோள் சேர்ந்து, நாட்டுப்பண் பாடியவாறு, பதின்மரும் ஒன்றாக உச்சியில் கால் வைத்தனர். முதலில் மிதித்தவர் யார் என்னும் வழக்குக்கு அங்கு இடமே இல்லாமற் போயிற்று.

எவரெஸ்ட் வெற்றியை இனி நம் மாணவர்க்குக் கற்பிக்கும்போது, ஹிலாரி, டென்சிங் என்னும் பெயர்களோடு ஆங் நிமாவின் பெயரையும் கரும்பலகையில் எழுதுவோமாக.