பிற்பாடர்களின் கேள்விகள்: திருவரங்கத்தில் கதையை ஆராய்ந்த மரபு

ஒரு கதையைக் கேட்டோ கண்டோ முடித்த பின், அதன் நிகழ்ச்சிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, காலக் கணக்கு எங்கேனும் இடிக்கிறதா என்று கூடியிருந்து ஆராயும் வழக்கம் திரைப்படத்தோடு பிறந்ததன்று. 2015இல் வெளிவந்த ‘இன்று நேற்று நாளை’, 2016இல் வெளிவந்த ‘24’ ஆகிய காலப்பயணப் படங்களைப் பார்த்தவர்கள், நடந்து முடிந்ததைப் போய் மாற்றியவன் திரும்பி வரும்போது எந்த நிகழ்காலத்துக்குத் திரும்புகிறான் என்று வாதிட்டார்கள். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவில் அவ்வகைக் கேள்விகள் முறையாக எழுப்பப்பட்டு, விடை சொல்லப்பட்டு, ஏட்டிலும் ஏறின. கேள்விக்குச் ‘சங்கை’ என்றும், அதை நீக்கும் விடைக்குப் ‘பரிகாரம்’ என்றும், முரண்போலத் தோன்றும் இடத்தை ஓர் ஆசிரியர் பொருந்த வைத்துக் காட்டும் முறைக்கு ‘நிர்வாகம்’ என்றும், முன்னோர் பேசியதாக வாய்வழி வந்த செய்திக்கு ‘ஐதிகம்’ என்றும் அங்கே தனித்தனிப் பெயர்கள் வழங்கின.

அக்கோயிலின் தோற்றக் கதையே ஒரு காலச் சிக்கலை உள்ளடக்கியது. ஸ்ரீரங்க மாஹாத்மியத்தின்படி, பிரமன் வழிபட்ட அரங்க விமானத்தை இக்குவாகு அயோத்திக்குக் கொண்டுவந்தான். அது இரகு குலத்தாரின் குலதெய்வமாக விளங்கி, முடிசூட்டு விழாவுக்குப் பின் இராமனால் வீடணனுக்கு அளிக்கப்பட்டது. இராமன் திருமாலின் அவதாரம் என்றால், அவன் வணங்கியதும் பிறருக்கு வழங்கியதும் தன்னையேதானா என்று கேட்கத் தோன்றுவது இயல்பே. வைணவர்கள் இதற்கான விடையைப் பெயர்களிலேயே பொதிந்து வைத்தனர். இராமன் ‘பெருமாள்’, அந்தப் பெருமாளே வணங்கியவர் ஆதலால் அரங்கத்து மூலவர் ‘பெரிய பெருமாள்’, இலக்குவன் ‘இளைய பெருமாள்’. வால்மீகி இந்த விமானத்தை வெளிப்படையாகச் சொல்லவில்லை. வீடணன் ‘குலதனம்’ பெற்று இலங்கைக்குப் புறப்பட்டான் என வரும் இடத்தில், அச்சொல் இரகு குலத்தின் தனமாகிய அரங்க விமானத்தையே குறிக்கும் என்று வைணவ உரைகாரர் பொருள் கொண்டனர். அரக்கர் குலத்துச் செல்வமாகிய இலங்கை அரசையே குறிக்கும் என்று கொள்வாரும் உண்டு. ஒரே சொல்லில் இவ்வளவு பெரிய கதைக்கு இடம் கண்ட அந்த வாசிப்பை வலிந்து கொண்ட பொருள் என்று தள்ளிவிட முடியாது. மூலநூல் சொல்லாமல் விட்ட இடைவெளியை உண்மையான அக்கறையோடு நோக்கியவர்களுக்கே அது வாய்க்கும்.

இலங்கைக்குப் போக வேண்டிய விமானம் வழியில் ஏன் நின்றது என்பதற்குக் காவிரியின் இரு பக்கமும் இரு விடைகள் வழங்குகின்றன. தர்மவர்மன் என்ற சோழ மன்னனின் தவத்துக்கு இரங்கிப் பெருமாளே அங்குத் தங்கினார் என்பது தீவின் கதை. சிறுவனாக வந்த பிள்ளையார் விமானத்தைத் தரையில் வைத்துவிட்டு ஓட, வீடணன் துரத்திச் சென்று மலையுச்சியில் தலையில் குட்டினான் என்பது தென்கரையில் திருச்சிராப்பள்ளி உச்சிப்பிள்ளையார் கோயிலின் கதை. பெருமாள் தெற்கு நோக்கிப் பள்ளிகொண்டிருப்பது வீடணனின் இலங்கையைப் பார்ப்பதற்காகவே என்பதில் இரண்டு கரையினருக்கும் வேறுபாடில்லை.

கதைக்குள் நுழைந்துவிடும் கேட்போனின் மிக உயர்ந்த உருவம் குலசேகராழ்வார். கரதூடணரின் பதினாலாயிரம் அரக்கரை இராமன் தனியே எதிர்கொண்டான் என்று சொற்பொழிவில் கேட்ட அம்மன்னர், துணைக்குப் போகத் தம் படையைத் திரட்ட ஆணையிட்டார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. யுகங்களுக்கு முன் முடிந்துபோன போர் அவருக்கு அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. இராமன் ஒருவனாகவே வென்றுவிட்டான் என்று கதை சொன்னவர்கள் விரைந்து முடித்த பிறகே அவர் அமைதியுற்றார்.

காட்சியின் நுணுக்கம் பற்றிய ஆராய்ச்சிக்கு இராமானுசரின் மாணவர் எம்பாரைப் பற்றிய ஐதிகம் சான்று. அரையர் என்பவர், ஆழ்வார் பாசுரங்களைத் தாளத்தோடு பாடி, அபிநயம் பிடித்து, விளக்கமும் சொல்லும் கோயில் கலைஞர். கண்ணன் ‘அப்பூச்சி காட்டுதல்’, அதாவது பிற பிள்ளைகளை அச்சுறுத்தி விளையாடுதல், என்னும் பெரியாழ்வார் பாசுரப் பகுதிக்கு அரையர் இமையை மடித்துக் காட்டினார். இடைப்பிள்ளைகள் எல்லோரும் செய்யும் வேலை அது. கண்ணன் அச்சுறுத்தினால் சங்கு சக்கரத்தைக் காட்டித்தானே அச்சுறுத்துவான் என்று கருதிய எம்பார், இராமானுசருக்குப் பின்னால் இருந்தபடி தோள்மேல் கைகளை வைத்துக் குறிப்புக் காட்டினார். அரையரும் மறுமுறை அவ்வாறே அபிநயித்தார். திரும்பிப் பாராமலே இராமானுசர், இது எம்பாரின் கருத்தாகத்தான் இருக்க வேண்டும் என்று உணர்ந்து, அவர் அவையில் இருக்கிறாரா என்று வினவினார். யாருடைய வாசிப்பு எது என்று கண்டுகொள்ளும் அளவுக்கு அக்கூட்டம் தேர்ந்திருந்தது.

அடுத்த தலைமுறையில் பராசர பட்டரிடம் எழுப்பப்பட்ட சங்கை இன்னும் கூர்மையானது. தன்னை மனிதனாகவே எண்ணி வாழ்ந்த இராமன், தெய்வத்தால் மட்டுமே தரக்கூடிய வீடுபேற்றைச் சடாயுவுக்கு எப்படித் தந்தான்? மறைத்து வைத்த இறைமையை அந்த ஓரிடத்தில் மட்டும் வெளிப்படுத்தினான் என்று எளிதாகச் சொல்லியிருக்கலாம். பட்டர் அப்படிச் செய்யாமல், வாய்மையால் உலகங்களை வெல்லலாம் என்று இராமாயணமே சொல்லியிருப்பதை எடுத்துக்காட்டி, மனிதனாக நின்றே அதை அவன் தந்தான் என்றார். கதை தனக்கு விதித்துக்கொண்ட விதியை மீறாமல், கதைக்குள்ளிருந்தே விடை காண்பதுதான் சிறந்த நிர்வாகம். இந்தப் பரிகாரம் அதற்கு நல்ல இலக்கணம்.

13ஆம் நூற்றாண்டில் நம்பிள்ளை நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்குச் சொன்ன விரிவுரை, அவர் மாணவர் வடக்குத் திருவீதிப் பிள்ளையால் எழுதப்பட்டு ‘ஈடு முப்பத்தாறாயிரப்படி’ ஆயிற்று. படி என்பது முப்பத்திரண்டு எழுத்துக் கொண்ட ஓர் அளவு. நம்பிள்ளையின் உரை முடிந்து கலைந்த கூட்டத்தைக் கண்டவர்கள், இது அரங்கத்து உற்சவரான நம்பெருமாளுக்குக் கூடியதா நம்பிள்ளைக்குக் கூடியதா என்று வியந்தார்களாம்.

ஈட்டில் திரும்பத் திரும்ப வரும் ‘பிற்பாடர்’ என்ற சொல்லே இம்மரபின் உயிர்நிலை எனலாம். அவதாரம் நிகழ்ந்தபோது இல்லாமல் பின்னே பிறந்தவர் பிற்பாடர். கலியுகம் தொடங்கிய 43ஆம் நாளில் நம்மாழ்வார் பிறந்தார் என்பது மரபுக் கணக்கு ஆதலால், கண்ணனை அவர் மயிரிழையில் தவறவிட்டவர் ஆகிறார். மற்ற அவதாரங்களைவிடக் கண்ணன் கதையில் அவர் மிகுதியாக உருகுவதற்கு உரையாளர்கள் இந்த நெருக்கத்தையே காரணமாகக் காட்டினர். தவறிய காலத்துக்குத் திரும்பிச் செல்ல வழியுண்டா என்ற ஏக்கத்துக்குப் பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசன பூஷணத்தில் தந்த விடை நீரைப் பற்றியது. அவதாரங்கள் பெருகி வடிந்த ஆற்று வெள்ளம் போன்றவை. கோயில் திருமேனிகள் அந்த வெள்ளம் தேங்கி நின்ற மடுக்கள் போன்றவை. காவிரிக் கரையில் வாழ்ந்தவருக்கே இயல்பாகத் தோன்றும் உவமை இது. 1323இல் தில்லிப் படை வந்தபோது நம்பெருமாள் திருமேனியை எடுத்துக்கொண்டு தெற்கே சென்ற முதியவரும் லோகாசாரியரே. அத்திருமேனி திரும்பி வந்தது 1371இல்.

கம்பராமாயண அரங்கேற்றக் கதையிலும் இத்தகைய ஆராய்ச்சி உண்டு. வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை அறிஞர்கள் மறுக்க, திருவரங்கக் கோயிலின் நரசிம்மராகிய மேட்டழகிய சிங்கர் தலையசைத்து ஒப்பினார் என்பர். வீடணன் இராவணனுக்கு அறிவுரையாகச் சொல்லும் கதை அது. திருமாலின் வாயிற்காவலரான சயனும் விசயனும் முதலில் இரணியனும் அவன் தம்பியுமாகவும், பின்னர் இராவணனும் கும்பகருணனுமாகவும் பிறந்தனர் என்னும் பாகவதச் செய்தியோடு சேர்த்துப் படித்தால், இராவணன் கேட்பது தன் முற்பிறப்பின் முடிவையே. அவ்வரங்கேற்றத்தில் நாதமுனிகள் இருந்தார் என்னும் மரபும், சக ஆண்டு 807, அதாவது கி.பி. 885, என்று நாள் குறிக்கும் தனிப்பாடலும், கம்பரை 12ஆம் நூற்றாண்டினராகக் கொள்ளும் ஆய்வாளர் முடிவோடு ஒத்துவரவில்லை. அதே நாதமுனிகள் நம்மாழ்வாரிடமே நேரில் ஆழ்வார் பாசுரங்கள் நாலாயிரத்தையும் பெற்றார் என்பர். மரபுக் கணக்கில் இருவருக்கும் இடையே ஏறத்தாழ 4,000 ஆண்டுகள் உள்ளன. யோகநிலை அந்தத் தொலைவைக் கடந்தது என்பதே சம்பிரதாயத்தின் விடை.

இந்த மண்ணில் பாட்டி வீட்டில் வளர்ந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் படித்த சுஜாதா (1935–2008), ‘என் இனிய இயந்திரா’ போன்ற அறிவியல் புனைகதைகளையும், ஆழ்வார்களுக்கு ஓர் எளிய அறிமுகத்தையும் எழுதினார். இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தது திருவரங்கத்துக்குப் பொருந்தாததன்று. ஈட்டின் மணிப்பிரவாள நடை, அதாவது தமிழும் வடமொழியும் கலந்த நடை, இன்றைய வாசகருக்குக் கடினமாக இருக்கலாம். அதற்காகவே பு. ரா. புருஷோத்தம நாயுடு செய்த ஈட்டின் தமிழாக்கத்தைச் சென்னைப் பல்கலைக்கழகம் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. ஒரு திரைக்கதையின் காலக் கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்க்கும் இளைஞர்கள் அதன் முதல் தொகுதியையேனும் கையில் எடுக்க வேண்டும்.