காட்டுக்கேற்ற நாய் எது? வாவிக்கரை வரலாறு தரும் விடை

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தில் பதினெட்டு நாட் சடங்கின்போது பாரதம் படிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாண்டவரின் வனவாசமும் அருச்சுனன் தவநிலையும் தீ மிதிப்பும் நம் சிறுவருக்கும் நன்கு தெரிந்தவை. அப்பாரதத்தின் இறுதியில், மகாபிரஸ்தானிக பருவத்தில், தேவியும் தம்பியரும் ஒருவர்பின் ஒருவராய் வீழ்ந்துபட, தருமரை விட்டுப் பிரியாது நடந்தது ஒரு நாய். அதனை விட்டுவிட்டுத் தேரில் ஏறுமாறு இந்திரன் கூறியபோது, அண்டி வந்த உயிரைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் தமக்கு வேண்டா என்று மறுத்தார் தருமர். இக்கதையைக் கண்ணீர் மல்கக் கேட்கும் நாமே, வீடு திரும்பியதும் ‘நாயே’ என்று ஒருவரை ஒருவர் ஏசுகின்றோம். படலைக்கு வெளியே கிடக்கும் நாட்டு நாயைக் கல்லால் எறிகின்றோம். இது விந்தையன்றோ?

இக்காலத்தில் நம் இளைஞர் பலர் காட்டுவழி நடப்பதில் ஆர்வம் கொண்டுள்ளனர். தாந்தாமலை முருகனை நாடிச் செல்வோரும், குடும்பிமலைப் பக்கம் நடப்போரும், கதிர்காமப் பாதயாத்திரை செய்வோரும் நம்மிடையே உளர். அவர்களுட் சிலர், “காட்டில் உடன் வரவும், சுவடு பிடிக்கவும், ஆபத்தை முன்னறிவிக்கவும் எவ்வினத்து நாய் நல்லது?” என வினவுகின்றனர். அல்சேஷன், டோபர்மன், லாபிரடோர் என்னும் பெயர்களே அவர்கள் நாவில் முதலில் வருகின்றன. பெருந்தொகை கொடுத்து அவற்றை வாங்குமுன், நம் மண்ணின் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நலம்.

நாயிருந்தால் ஊரிருக்கும்

இலங்கையின் பழங்கதை நாயோடுதான் தொடங்குகின்றது. விசயனும் தோழரும் கரையிறங்கியபோது, யட்சிணி ஒருத்தி பெண் நாயின் வடிவில் அவர்கள்முன் தோன்றினாள் என்றும், நாய் இருக்குமிடத்தில் ஊரும் இருக்கும் என்றெண்ணிய ஒருவன் அதனைப் பின்தொடர்ந்து சென்று குவேனியைக் கண்டான் என்றும் மகாவம்சத்தின் ஏழாம் அத்தியாயம் கூறும். கதை எவ்வாறாயினும், நாயும் மனிதக் குடியிருப்பும் பிரியாதவை என்ற எண்ணம் அந்நூல் எழுந்த காலத்திலேயே வேரூன்றியிருந்தது என்பது தெளிவு.

கதையை விட்டு மண்ணைத் தோண்டினாலும் அதே செய்திதான். நில்கலைக் குகையிலும், பெல்லன்பந்தி பலஸ்ஸ என்னுமிடத்திலும் கற்கால மக்களின் எச்சங்களோடு வீட்டு நாயின் எலும்புகளும் கிடைத்துள்ளன. அவை ஏறத்தாழ கி.மு. 4500ஆம் ஆண்டளவில் இருந்தவை என்றும், விலங்குகளை விரட்டி வேட்டையாட அம்மக்கள் நாயை வளர்த்திருக்கலாம் என்றும் ஆய்வாளர் கருதுவர். நில்கலை நமக்கு அந்நிய இடமன்று. நாம் பட்டிப்பளை ஆறு என்றும், சிங்களவர் கல்லோயா என்றும் வழங்கும் ஆற்றின் மேற்புறத்தில் உள்ளது அது. எனவே, வாவியின் தென்புற வயல்களுக்கு நீரூட்டும் அவ்வாற்றின் கரையில், ஏரும் நெல்லும் வருமுன்னரே நாய் வந்துவிட்டது எனலாம்.

வேடரும் அவர்தம் நாயும்

1660ஆம் ஆண்டில் கொட்டியாரத்தில் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டு கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில் வேடரைப் பற்றி எழுதியுள்ளார். வேட்டையாடிய இறைச்சியைத் தேனிலிட்டு மரப்பொந்தில் அடைத்து, மண்ணால் மூடிவைக்கும் அவர்கள் வழக்கத்தை அவர் வியந்து கூறுவர். 1911இல் செலிக்மன் தம்பதியர் வெளியிட்ட வேடர் பற்றிய பெருநூல், காட்டு வேடரோடு நம் வாகரைப் பக்கத்துக் கரையோர வேடரையும் விரிவாகக் கூறுகின்றது. தமிழ் பேசி, மீன்பிடித்து, சேனை செய்து வாழும் அக்கரையோர மக்கள் நம் அயலவர். காட்டு வேடர் நாயின் துணையோடு உடும்பு வேட்டையாடியதை அந்நூலிற் காணலாம். ‘கந்தே யக்கா’ என்னும் வேட்டைத் தெய்வத்திற்கு எடுக்கும் சடங்கில், தெய்வமேறியவர் மரையின் அடியைக் குனிந்து பார்த்துத் தொடர்ந்து சென்று, ஈற்றில் அம்பெய்வதாக நடித்துக் காட்டுவர் என்றும் அது கூறும். சுவடு பார்த்தல் அவர்களுக்கு வெறும் தொழிலன்று, வழிபாடுமாகும்.

நம் சைவ மரபுக்கும் இது புதிதன்று. கண்ணப்ப நாயனாராகிய திண்ணனார் வேட்டைக்குப் புறப்பட்ட காட்சியில், வாரிற் பிணித்த வேட்டை நாய்களைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் மறவாது காட்டுகின்றார். வைரவப் பெருமானுக்கு வாகனமாய் நிற்பதும் நாயே. வேடர் குலத்து வள்ளியை மணந்த முருகனை வணங்கும் நாம், வேடரையும் அவர்தம் நாயையும் இழிவாக நோக்குவது பொருந்துமோ? தமிழகத்தில் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திர பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நாட்டப்பெற்ற நடுகல் ஒன்றுண்டு. நிரை காத்து மாண்ட வீரன் கருந்தேவக்கத்தியோடு, கள்ளர் இருவரைக் கடித்து நின்ற அவனது நாயின் உருவமும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு நாயின் பெயரைக் கல் சுமந்து நிற்கின்றது. அக்கல்வெட்டு நாயின் செயலைச் சொல்லிற்று; இனத்தைச் சொல்லவில்லை. இதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

துரைமாரின் வேட்டைக் கூட்டம்

ஆங்கிலேயர் ஆட்சியில் வேறொரு முறை வந்தது. 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், இங்கிலாந்திலிருந்து நரிவேட்டை நாய்க் கூட்டமொன்றைக் கப்பலேற்றிக் கொணர்ந்தார். துவக்கை விடுத்து, நாய்களையும் கத்தியையும் மட்டுமே துணையாகக் கொண்டு மரை வேட்டையாடியதை 1854இல் வெளியிட்ட நூலில் அவர் விவரித்துள்ளார். அந்நூலை ஊன்றிப் படிப்போர் மற்றோர் உண்மையையும் காண்பர். சிறுத்தையாலும், பன்றியின் கொம்பாலும், திரும்பி நின்று தாக்கும் மரையாலும் அவர் இழந்த நாய்கள் பல. தூய இனத்தை மட்டும் நம்பியிராது, மோப்பத்திற்கு ஒருவகை, பாய்ந்து பற்றுதற்கு வேறொருவகை எனக் கலப்பு நாய்களையும் அவர் சேர்த்துக்கொண்டார். அவர் பெரிதும் புகழ்ந்த ‘ஸ்மட்’ என்னும் நாயும் மணிலாவின் மோப்ப நாயும் தென்னாபிரிக்கக் கேப் நாட்டுப் பெண் நாயும் கலந்து பிறந்ததே.

அன்றியும், அவர் நாய்கள் ஓடியது பெரும்பாலும் நுவரெலியா, ஹோட்டன் சமவெளி முதலிய குளிர்ந்த மேட்டுநிலங்களில். நமது படுவான்கரையோ வேறு. ஆடி ஆவணியிற் கொதிக்கும் மணல், உடையும் காரையும் பின்னிய முட்பற்றை, நீர் வற்றிய குளம், மாரியிற் சேறு. நாய்க்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து இரைத்தே வெப்பத்தைத் தணிக்கும். அடர்ந்த மயிருடைய குளிர்நாட்டு நாய் இங்கே நண்பகலில் இரண்டு கட்டை தூரம் ஓடினால் மயங்கி வீழ்வதில் வியப்பென்ன? உண்ணி கடித்து வரும் காய்ச்சலும் வந்தேறிய நாயையே கடிதிற் பற்றும்.

தமிழகத்து இனங்கள் நமக்குப் பொருந்துமா எனச் சிலர் கேட்பர். இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்பன புகழ்பெற்றவை. இந்திய அஞ்சற்றுறை 2005ஆம் ஆண்டில் நாய்களுக்கென வெளியிட்ட முத்திரைகளுள் ஒன்று இராசபாளையத்திற்கு உரியது. ஆயின், சிப்பிப்பாறையும் கன்னியும் தென்தமிழகத்து வெட்டவெளியில் முயலைக் கண்ணாற் கண்டு துரத்துதற்கென வளர்க்கப்பட்டவை. கண்ணுக்கு எட்டாத பற்றைக் காட்டில் அவற்றின் வேகம் பெரிதும் பயன்படாது. அவை குறைந்தவை அல்ல. அவ்வம் மண்ணுக்கு உரியவை. இனம் என்பது ஒரு நிலமும் ஒரு தொழிலும் நெடுங்காலம் சேர்ந்து வடித்த வடிவம். நிலத்தை மாற்றினால் சிறப்பும் மாறும்.

தேரும் முறை

அப்படியாயின் நம் காட்டுக்கு ஏற்றது எது? நாட்டு நாயே என்பது நம் துணிபு. குட்டை மயிர், ஒடுங்கிய வயிறு, ஆழ்ந்த மார்பு, கெட்டியான உள்ளங்கால், நடுத்தர உயரம், சிறிதுண்டு நெடுந்தூரம் நடக்கும் திறன் ஆகிய இவை நம் ஊர் நாய்க்குப் பிறப்பிலேயே வாய்த்தவை. வெயிலும் முள்ளும் உண்ணியும் பல தலைமுறை வடிகட்டியபின் எஞ்சியது அது.

ஆயினும் எல்லா நாட்டு நாயும் காட்டு நாயாகாது, தேர்வு வேண்டும். முதலாவது மூக்கு. மனித மூக்கில் மணமறியும் நுண்கலங்கள் ஏறத்தாழ 50 இலட்சம் எனவும், நாய்க்கு 10 கோடி முதல் 30 கோடி வரை எனவும் கூறுவர். எனினும் எல்லா நாயும் மூக்கைப் பயன்படுத்தும் பொறுமை உடையதன்று. ஓர் ஈற்றுக் குட்டிகளுள், ஒளித்து வைத்த உணவைக் கண்ணால் தேடாது நிலத்தை மோந்து தேடி அடைவது எது என்று பார்க்க வேண்டும். பயிற்சியையும் விடியற்காலையிற் செய்தல் நன்று. பனி ஈரத்தில் மணம் தங்கும், உச்சி வெயிலில் அது கலைந்துவிடும்.

இரண்டாவது வாயடக்கம். பாரதத்திலேயே இதற்குச் சான்றுண்டு. பாண்டவர் வேட்டைக்குச் சென்றபோது அவர்கள் நாய் தனியே ஓடி, ஏகலைவனைக் கண்டு வீணே குரைத்தது; அவன் ஏழு அம்புகளால் அதன் வாயை அடைத்தான். யானையும் கரடியும் உலவும் காட்டில் வீணே குரைக்கும் நாய், தன்னை மட்டுமன்றித் தலைவனையும் ஆபத்தில் மாட்டும். யானையிடம் வம்பு செய்துவிட்டு நம் காலடிக்கே ஓடிவரும் நாயைப்போற் பகை வேறில்லை.

மூன்றாவது, அழைத்த குரலுக்குத் திரும்புதல். இதுவே தலையாயது. மூக்கும் வேகமும் இருந்தும் அழைத்தால் வாராத நாய் காட்டிற் காணாமற் போகும். இக்குணம் விலைக்கு வாராது. குட்டிப் பருவம் முதல் அன்போடு வளர்ப்பவனுக்கே வாய்க்கும்.

காலம் மாறியது

இத்தனையும் சொன்னோமாயினும், வேட்டைக்கு நாய் தேடுமாறு நாம் இளைஞரைத் தூண்டவில்லை. 1937ஆம் ஆண்டின் விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், பின்வந்த திருத்தங்களும் மானையும் மரையையும் சிறுத்தையையும் காத்து நிற்கின்றன. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தாற் காட்டின் பெரும்பகுதி நீருள் மூழ்கியது. 1954இல் அங்கே தேசிய வனம் அமைந்தது. 1983இல் மதுறு ஓயாத் தேசிய வனம் அமைந்தபோது வேடர் பலர் தம் வேட்டை நிலத்தை இழந்தனர். 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் படுவான்கரைக் காட்டுப் பாதைகள் நமக்கும் அடைபட்டன. காட்டறிவும், நாய் பழக்கும் கலையும் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் வழி அறுந்தது. நாம் இழந்தவற்றுள் இதுவும் ஒன்று. ஆனால் இதனை யாரும் கணக்கிடவில்லை.

அதே காலத்தின் பின்விளைவே நாயின் மூக்கிற்குப் புதிய தொழிலையும் தந்தது. மண்ணிற் புதைத்த வெடியின் மணத்தை அறியும் நாய்கள் இலங்கையிற் கண்ணிவெடி அகற்றும் பணியில் ஈடுபடுத்தப்பட்டன. 2017இல் நம் மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடியற்றதாக அறிவிக்கப்பட்டது. உடும்பைத் தேடிய மூக்கின் திறனே பிறநாடுகளிற் காணாமற்போன குழந்தையையும், இடிபாட்டுள் அகப்பட்டவரையும் தேடுகின்றது. கொல்லுதற்கன்றிக் காத்தற்கும் சுவடு பார்க்கலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நம் கடமை

நாயோடு நடக்க விரும்பும் இளைஞர் சில நெறிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். தேசிய வனங்களுக்குள் நாயைக் கொண்டு செல்லலாகாது; உகந்தைக்கு அப்பால் குமணை, யாலை வழியே செல்லும் யாத்திரிகர் இதனை மறக்கக்கூடாது. 1994இல் ஆபிரிக்காவின் செரங்கெட்டியில் ஊர் நாய்களிடமிருந்து பரவிய நோயால் ஏறத்தாழ ஆயிரம் சிங்கங்கள் மடிந்தன என்பது நமக்கும் எச்சரிக்கை. வயற்கரை, குளக்கட்டு, ஊரை அடுத்த காட்டு வழி ஆகியன நமக்குப் போதும். அங்கும் வாரிற் பிணித்தே செல்லுதல் முறை.

விசர்நோய்க்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாது ஏற்றுக. 1893ஆம் ஆண்டிலேயே இந்நோய்க்கெனத் தனிச் சட்டம் இந்நாட்டில் வந்தது. எனினும் நம் அசட்டையால் அது இன்னும் முற்றாக ஒழிந்தபாடில்லை. கடிபட்டால், ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுக. வீட்டு மருந்தை நம்பியிருத்தல் உயிருக்கே கேடு.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாயை வாங்கச் சந்தைக்குச் செல்லுமுன் உங்கள் ஒழுங்கைக்குச் செல்லுங்கள். மதகடியில் ஈன்று கிடக்கும் நாட்டு நாயின் குட்டிகளுள் ஒன்று, நில்கலைக் குகையில் மனிதனோடு தீக்காய்ந்த நாயின் வழிவந்ததாயிருக்கலாம். பாடும் மீனால் உலகப் புகழ்பெற்ற வாவி நம்முடையது. அதன் கரையிற் பல்லாயிரம் ஆண்டு நம் வாடியையும் பட்டியையும் காத்த உயிருக்குப் பாட்டுமில்லை, நடுகல்லுமில்லை. ஒரு பிடி சோறும், ஒரு பெயரும், ஓர் ஊசியும் கொடுப்போம். தருமர் சுவர்க்க வாயிலிற் செய்ததை நாம் நம் வீட்டுப் படலையிற் செய்தாற் போதும்.