சங்கிலி அகன்றால் போதுமா?

தூத்துக்குடியை மையமாகக் கொண்டு நீளும் மன்னார் வளைகுடாக் கடற்கரைக்கு முத்துக்குளித்துறை என்ற பழம்பெயர் உண்டு. அதே கரையில், கீழக்கரையை அடுத்த ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பியோட இயலாமல் 28 மனநோயாளிகள் உயிரிழந்தனர். உச்சநீதிமன்றம் தாமாகவே முன்வந்து இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

சங்கிலி கண்ணுக்குத் தெரியும் விலங்கு. கண்ணுக்குத் தெரியாத விலங்கும் உண்டு. மனநோயாளிகள் சிலர் பேச்சற்று, அசைவற்று, வைத்த கண் வாங்காமல் உறைந்துவிடுகின்றனர். கையைத் தூக்கிவிட்டால், அது மெழுகுப் பொம்மையின் கைபோல அப்படியே நிற்கும். உணவும் நீரும் உள்ளே செல்வதில்லை. 1874-இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் கால்பாம் இந்நிலைக்குக் 'கேட்டட்டோனியா' என்று பெயரிட்டார்.

மனச்சிதைவு நோயில் மட்டுமே இது வரும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. கடும் மனச்சோர்விலும், இருதுருவ மனநிலைக் கோளாறிலும், மூளை அழற்சி போன்ற உடல்நோய்களிலும் இது தோன்றும் என்பதே இன்றைய மருத்துவத் தெளிவு. இதைப் 'பேய் பிடித்தது' என்றோ, 'பிடிவாதம்' என்றோ எண்ணி வீட்டில் வைத்திருப்பது ஆபத்தானது. நீரிழப்பு ஏற்படலாம்; அசையாத கால்களில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலை அடைக்கலாம்; கடும் காய்ச்சலுடன் முற்றும் வகை உயிரையே பறிக்கலாம்.

ஆறுதலான செய்தி, மனநலக் கோளாறுகளில் மிக விரைவாக மீட்கக்கூடியவற்றுள் இதுவும் ஒன்று என்பதுதான். லோரசிபாம் என்ற விலை குறைந்த மருந்தை ஊசி வழியே செலுத்தியதும், சில மணி நேரத்திலேயே பேசத் தொடங்குவோர் உண்டு. அது பலிக்காதபோதும், உயிருக்கு ஆபத்து நெருங்கும்போதும் கைகொடுப்பது மின்வலிப்பு சிகிச்சை.

மக்கள் இதனை 'ஷாக் ட்ரீட்மென்ட்' என்கின்றனர். திரைப்படங்கள் இதைத் தண்டனையாகவே காட்டிப் பழக்கிவிட்டன. 1934-இல் ஹங்கேரிய மருத்துவர் மெதுனா, உறைநிலையில் கிடந்த நோயாளிக்குக் கற்பூரத்தை ஊசி வழியே செலுத்தி வலிப்பை உண்டாக்கினார். 1938-இல் ரோம் நகரில் செர்லெட்டியும் பினியும் அதற்கு மின்சாரத்தைப் பயன்படுத்தினர். இன்று நோயாளிக்கு மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் கொடுத்த பிறகே சில விநாடிகள் மின்சாரம் செலுத்தப்படுகிறது. வாரத்துக்கு இரண்டு, மூன்று முறையென 6 முதல் 12 அமர்வுகள் வரை பொதுவாகத் தேவைப்படும். தற்காலிக மறதி ஏற்படலாம். சிலருக்குச் சில நினைவுகள் மீளாமலும் போகலாம். அதனை மருத்துவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்தது. மயக்க மருந்தின்றி மின்வலிப்பு சிகிச்சை அளிப்பதையும் தடை செய்தது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. அதே சட்டம் இச்சிகிச்சையை அவசர சிகிச்சையாக அளிக்க அனுமதிக்கவில்லை. முறையான அனுமதியும் ஒப்புதலும் முதலில் வேண்டும். பேச்சே எழாத நோயாளி எவ்வாறு ஒப்புதல் தருவார்? அவர் சார்பில் முடிவெடுக்க நியமனப் பிரதிநிதிக்குச் சட்டம் இடம் தருகிறது. ஆனால், அந்த ஏற்பாட்டை அறிந்த குடும்பங்கள் எத்தனை?

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு மனநலக் கோளாறு உள்ளது. கோளாறின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையின்றி இருக்கின்றனர். பொருளியல் நோக்கில் பார்த்தால், ஏழையைத் தடுப்பது மருந்தின் விலையன்று. பயணச் செலவும், உடன் செல்பவரின் இழந்த கூலியுமே. உப்பளத் தொழிலாளியோ மீனவரோ வாரம் மூன்று நாள் வேலையை விட்டுத் தொலைதூர நகருக்கு நோயாளியை அழைத்துச் செல்ல இயலுமா?

ஆகவே, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநல மருத்துவரும் மயக்கவியல் மருத்துவரும் குறிப்பிட்ட நாள்களில் இணைந்து பணியாற்றும் ஏற்பாடு தேவை. உறைநிலையை அடையாளம் காண ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்குப் பயிற்சி தரப்பட வேண்டும். நோய் தணிந்திருக்கும் காலத்திலேயே பிரதிநிதியை நியமித்துக்கொள்ளக் குடும்பங்களுக்கு வழிகாட்ட வேண்டும். வழிபாட்டை விட்டுவிடும்படி யாரையும் வற்புறுத்த வேண்டியதில்லை. ஏர்வாடி தர்காவை ஒட்டியே 'தவா-துவா' என்ற பெயரில் மருந்தும் பிரார்த்தனையும் கைகோத்த முயற்சி, அதற்கு வழிகாட்டியாக உள்ளது.

சங்கிலியை அகற்றச் சட்டம் போதும். உறைந்த மனிதரை மீட்கவோ மருத்துவம் அவரது ஊருக்கு அருகில் வந்தாக வேண்டும். ஏர்வாடியில் மாண்ட 28 பேருக்கு நாம் செலுத்த வேண்டிய கடனில் அதுவே எஞ்சிய பகுதி.