நூலில்லாத ஆடை

ஆடை என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது நூல். பஞ்சை நூற்று, நூலை ஊடும் பாவுமாக ஓட்டி நெய்து, நெய்த துணியை அளந்து வெட்டித் தைப்பதே மனிதன் நெடுங்காலமாகக் கண்ட வழி. நூற்பு இயந்திரமும் விசைத்தறியும் தையற்பொறியும் அவ்வழியை விரைவுபடுத்தினவேயன்றி மாற்றவில்லை. நூலும் நெசவும் தையலும் இன்றியே ஆடை ஆக்கலாம் என்று நம் காலத்தில் ஒரு கருவி முன்வந்தது. அதுவே முப்பரிமாண அச்சு. அது உடைத்தொழிலில் புகுந்த வரலாற்றையே இங்குக் கூற விழைகின்றேன்.

அமெரிக்கரான சக் ஹல் 1984-இல் இம்முறைக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். 1986-இல் அது கிடைத்தது. புற ஊதாக் கதிர் பட்டால் இறுகும் திரவத்தைப் படலம் படலமாக இறுகச் செய்து, கணினியில் வரைந்த உருவத்தைப் பொருளாக எழுப்புவது அவர் கண்ட முறை. நைலான் பொடியை லேசர் கதிரால் பிணைக்கும் முறையும், உருகிய பிளாஸ்டிக்கைக் கோடு கோடாகப் படியவிடும் முறையும் அடுத்து வந்தன. தொடக்கத்தில் இவை பொறியாளருக்கு மாதிரிகள் செய்யவே பயன்பட்டன.

2010-இல் டச்சு நாட்டு உடைக்கலைஞர் ஐரிஸ் வான் ஹெர்ப்பன், டேனியல் விட்ரிக் என்ற கட்டடக்கலைஞருடன் சேர்ந்து, அச்சிட்ட மேலாடையொன்றை ஆம்ஸ்டர்டாம் நகர மேடையில் காட்டினார். கண்டவர் வியந்தனர். ஆயினும் அது சங்கின் ஓடுபோல் விறைத்து நின்றது. அணிந்தவரை வளையவும் அமரவும் விடாதது ஆடையாகுமா? அதைக் கவசம் என்பதே பொருந்தும். துணி வளைவதற்குக் காரணம், அதன் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதே. நூலுக்கு இயல்பாய் அமைந்த அந்த நெகிழ்ச்சியை அச்சு இயந்திரம் எங்கிருந்து பெறும்?

2014-இல் அமெரிக்காவின் நர்வஸ் சிஸ்டம் என்னும் வடிவமைப்புக் கூடம் அதற்கொரு விடை தந்தது. 2,279 முக்கோணத் துண்டுகளை 3,316 கீல்களால் கோத்த நைலான் உடை அது. கணினியிலேயே அதனை மடித்துச் சிறிதாக்கி, ஒரே பொருளாக அச்சிட்டு, பிறகு விரித்தனர். கோக்க ஓர் ஆளும் தேவைப்படவில்லை. பழைய போர்வீரனின் சங்கிலிச் சட்டை வளையும் தத்துவமே ஏறத்தாழ இங்கும் பயன்பட்டது. அதனை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது.

அடுத்த ஆண்டில், இஸ்ரேலைச் சேர்ந்த மாணவி டானிட் பெலெக், வீட்டில் வைக்கத்தக்க இயந்திரங்களைக் கொண்டே ஐந்து உடைகளை அச்சிட்டார். அதற்கு 2,000 மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. விலை மலிந்த துணியோடு போட்டியிட இந்த வேகம் போதாது என்பது வெளிப்படை. அதே 2015-இல் பாரிஸின் ஷனேல் நிறுவனம், லேசரால் ஆக்கிய நைலான் மேற்பரப்பு கொண்ட உடைகளைக் காட்டியது. அவற்றுக்கும் கையால் வண்ணம் தீட்டி, கையால் அணிவேலை செய்ய வேண்டியிருந்தது.

அப்படியாயின், இக்கருவி வென்ற இடம் எது? 2017-இல் அடிடாஸ் நிறுவனம், ஒளியால் திரவத்தை இறுகச் செய்யும் முறையில் வலைப்பின்னலான காலணி அடிகளை உருவாக்கி அறிமுகப்படுத்தியது. 2018-இல் வெளிவந்த ‘பிளாக் பாந்தர்’ திரைப்படத்தில் அரசியின் முடி அச்சிடப்பட்டதே. காலணியும் அணிகலனும் அச்சுக்கு இசைந்தன. உடலோடு ஒட்டி அசையும் துணி மட்டும் எளிதில் இசையவில்லை.

இதனால் தையற்காரர் கவலையற்றிருக்கலாமா? 1831-இல் பாரிஸ் நகரில், படையினரின் சீருடைகளைத் தைத்துவந்த திமோனியேயின் தையற்பொறிகளைத் தையற்காரர் கூட்டம் புகுந்து நொறுக்கியது. பிழைப்பு அற்றுப்போகும் என்ற அச்சமே காரணம். அவ்வச்சத்தை நான் இகழமாட்டேன். தையற்பொறி ஆடையை மலிவாக்கியது. அதனோடு, குறைந்த கூலிக்கு நெடுநேரம் உழைக்கும் பட்டறைகளும் பெருகின.

அச்சு முறையில் தொழிலின் உயிர் துணியில் இல்லை. கணினியில் தீட்டும் வரைபடத்தில் உள்ளது. அவ்வரைபடம் எவர் கையில் உள்ளதோ அவருக்கே ஊதியம் சேரும். உடலின் அளவையும் அசைவையும் நன்கறிந்தவர் தையற்காரர். அந்த அறிவோடு வரைபடக் கலையையும் அவர் மக்கள் கற்பாராயின், இக்கருவி அவர்களுக்குத் துணையாகும். இல்லையேல், பிறர் வரைந்ததை மெருகிடும் கூலியே அவர்கள் பங்காக எஞ்சும்.