கரப்பானும் இல்லத்து மருத்துவமும்: ஒரு வரலாற்று நோக்கு

நோய்களின் வரலாறு பெரும்பாலும் வைத்தியர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எனினும், தணிந்தும் மீண்டும் கிளர்ந்தும் ஆண்டுக்கணக்கில் தொடரும் நோயொன்றுக்கு நாள்தோறும் மருத்துவம் செய்பவர் நோயாளியும் அவர்தம் இல்லத்தாருமேயாவர். எக்சிமா என்னும் சரும நோய் இதற்குத் தக்க சான்றாகும். இப்பெயர் ‘பொங்குதல்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. தமிழ் மருத்துவ மரபு கரப்பான் என்னும் பெயரின்கீழ் அடக்கிய நோய்கள் பலவற்றுள் இதுவும் ஒன்று.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பிய வைத்தியருட் பலர், உடலிலுள்ள தீய நீர்கள் வெளிப்படுதலே இந்நோய் எனக் கொண்டனர். அதனை அடக்கின் நோய் உள்ளுறுப்புகளைத் தாக்கும் என்னும் அச்சத்தால், குழந்தைகளின் புண்கள் ஆற்றப்படாமலே விடப்பட்டதுமுண்டு. வியன்னா நகரத்துப் பேர்டினாண்ட் வொன் ஹெப்ரா (1816–1880) இக்கொள்கையை மறுத்தார். நேர்வாள எண்ணெயைத் தோலிற் பூசி, எக்சிமாவைப் புறத்திருந்தே தோற்றுவிக்கலாம் எனக் காட்டினார். புறப்பூச்சினால் நோயை அச்சமின்றி ஆற்றலாம் என்னும் துணிவு இதனால் வலுப்பெற்றது.

தார், நாகச் சேர்வைகள் முதலியனவே நெடுங்காலம் அப்பூச்சுகளாக அமைந்தன. 1952இல் அமெரிக்க வைத்தியர்களான சல்ஸ்பேர்கர், விற்றன் ஆகியோர் ஐதரோகோட்டிசோன் பூச்சின் பயனை வெளியிட்டமை பெருந் திருப்பமாகும். அடுத்த பதின்மூன்று ஆண்டுகளுள் அதனினும் பன்மடங்கு வலிய களிம்புகள் தோன்றின. விரைந்து குணந்தரும் இம்மருந்துகள், வைத்தியர் அருகில்லாத இடங்களில் கடைகளிலிருந்து நேரே வீடுகளைச் சென்றடைந்தன. அளவறியாது பூசியோரின் தோல் மெலிந்தது. நிறுத்தியதும் நோய் முன்னினும் சீறியெழுந்தது. ஐக்கிய அமெரிக்கா 1979இல் வலுக்குறைந்த ஐதரோகோட்டிசோனை மட்டும் வைத்தியர் சீட்டின்றி விற்க அனுமதித்தது. இல்லத்து மருத்துவத்தை ஏற்று, அதற்கு எல்லையும் வகுத்த செயல் இதுவாகும்.

2006இல் டண்டி நகர ஆய்வாளர் உள்ளிட்டோர், தோலின் காப்பரணை உருவாக்கும் பிலக்ரின் என்னும் புரதத்தின் குறைபாட்டை இந்நோயுடன் தொடர்புபடுத்தினர். தோலுக்கு நெய்ப்பூட்டும் பழைய இல்ல வழக்கத்திற்கு இதனால் அறிவியல் விளக்கம் கிடைத்தது. ஆயின் எண்ணெய் யாவும் ஒன்றல்ல. 2014இல் வெளியான பிலிப்பைன்ஸ் ஆய்வொன்றிற் தூய தேங்காயெண்ணெய் குழந்தைகளுக்கு நற்பயன் அளித்தது. ஒலிவ் எண்ணெயோ தோலின் அரணைச் சிதைக்கும் என 2013இல் வெளியான ஷெபீல்ட் ஆய்வு காட்டியது.

இவ்வரலாற்றினின்றும் பெறப்படும் நடைமுறை எளியதே. வெதுவெதுப்பான நீரிற் சிறிதுநேரம் குளித்து, ஈரம் உலருமுன் நெய்ப்புப் பூச்சிடல், சவர்க்காரத்தைக் குறைத்தல், நகங்களைக் களைதல், பருத்தியாடை அணிதல், கிளர்ச்சியுற்ற இடத்தில் மட்டும் வலுக்குறைந்த களிம்பைச் சிலநாள் பூசி, தணிந்ததும் நிறுத்தல் என்பன இல்லத்தின் எல்லைக்குட்பட்டவை. சீழ், காய்ச்சல், விரைந்து பரவும் நோவுமிக்க கொப்புளங்கள், கண்ணைச் சூழ்ந்த வீக்கம் ஆகியன அவ்வெல்லைக்கு அப்பாற்பட்டவை. தாமதமின்றி வைத்தியசாலையை நாட வேண்டியவை.

இல்லத்தாரை அறியாமையினர் என ஒதுக்கிய மருத்துவமும், அவர்கையில் வலிய மருந்தை விளக்கமின்றி ஒப்படைத்த வணிகமும் ஒருங்கே தவறிழைத்தன. களிம்போடு அதன் அளவையும் எல்லையையும் பற்றிய அறிவும் இல்லத்தைச் சென்றடைதல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.