திறந்த கதவும் தீராத வழக்கும்

நரகம் என்றதும் தீயும் கொப்பரையும் வதைப்போரும் நம் நினைவில் எழுதல் இயல்பு. ழான்-போல் சார்த்தர் காட்டும் நரகத்தில் இவற்றுள் ஒன்றும் இல்லை. மூன்று இருக்கைகள், ஒரு வெண்கலச் சிலை, அணையாத விளக்கு, சாத்திய கதவு ஆகியவை உள்ளன. கண்ணாடி இல்லை, உறக்கமும் இல்லை. வெ. ஸ்ரீராம் 'மீள முடியுமா?' எனத் தமிழாக்கிய இவ்வோரங்க நாடகத்தின் பிரெஞ்சுத் தலைப்பு, மூடிய கதவுகளுக்குள் நிகழும் நீதிமன்ற விசாரணையைச் சுட்டும் தொடராகும். நாடகத்தின் கருப்பொருளைத் திறக்கும் திறவுகோல் அதுவே எனலாம்.

1944 மே 27 அன்று பாரிசின் வியே-கொலம்பியே அரங்கில் இந்நாடகம் முதன்முதல் மேடையேறியது. 1940 முதல் ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்த அந்நகரம், அவ்வாண்டு ஆகஸ்டில்தான் விடுதலை பெற்றது. எதிர்த்தவர் யார், பணிந்தவர் யார் என்னும் வினா நெஞ்சங்களில் கனன்ற வேளையில், கோழைமை குறித்த வழக்கொன்று மேடையில் நடந்தது என்பது எண்ணத்தக்கது.

வழக்கில் மூவர் உளர். இதழாளன் கார்சேன் அமைதிக் கொள்கை பேசியவன், போர் வந்ததும் தப்பியோட முயன்று சுட்டுக் கொல்லப்பட்டவன், மனைவியை வதைத்தவன். அஞ்சலக எழுத்தர் இனேஸ் பிறர் துன்பத்தில் வாழ்பவள். செல்வச் சீமாட்டி எஸ்தெல் தன் சிசுவை நீரில் அமிழ்த்திக் கொன்றவள்.

மூவரின் வேட்கைகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதே நாடகத்தின் முரண். எஸ்தெல் கார்சேனின் காதலை வேண்டுகிறாள். இனேஸ் எஸ்தெலை விரும்புகிறாள். கார்சேனோ 'நீ கோழையல்லன்' என்னும் ஒரு சொல்லுக்கு ஏங்குகிறான். எஸ்தெல் அச்சொல்லைத் தயங்காது தருவாள். ஆனால் எதையும் சொல்லத் துணிந்தவளின் சான்றுக்கு மதிப்பில்லை. மதிப்புடைய சான்று இனேசிடம் உள்ளது. அவள் தர மறுக்கிறாள். தனித்தனியே இருவர் எய்தக்கூடிய உடன்பாட்டை மூன்றாமவரின் பார்வை முறித்துவிடுகிறது. ஆதலின் வதைப்போர் வேறு தேவைப்படவில்லை.

கார்சேன் கதவைத் தட்டி ஆர்ப்பரிக்கிறான், கதவு திறக்கிறது, அவன் வெளியேறவில்லை. இனேசின் தீர்ப்பை மாற்றாமல் அவனால் போக இயலாது. அவனை அங்கே நிறுத்தியது தாழ்ப்பாள் அன்று, அவனுடைய தேவையே.

பிறரை நரகமாகக் காணும் இந்நாடகத்தின் கூற்று, மானிட வெறுப்பாகவே பெரிதும் பொருள்கொள்ளப்பட்டது. 1965இல் சார்த்தர் இதனை மறுத்தார். உறவு திரிந்து, பிறர் தீர்ப்பையே முற்றும் சார்ந்து வாழ்வோர்க்கே பிறர் நரகமாவர். உயிருள்ளவரை அவ்வட்டத்தைச் செயலால் உடைக்கலாம் என்பது அவர் விளக்கம். மேடையில் உள்ளோர் இறந்தவர்கள். எனவே கணக்கைத் திருத்தும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை.

1945 அக்டோபரில் பாரிசில் ஆற்றிய உரையில், எழுதப்பட்ட படைப்புகளுக்கு அப்பால் ஒரு படைப்பாளனின் மேதைமை வேறெங்கும் இல்லை என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். கவிஞர் கூடும் அவைக்கு இது கடுமையான சொல்லே. எழுத எண்ணிய கவிதை நமக்காகச் சான்று கூறாது. எனினும் கார்சேனுக்கு முடிந்துபோன ஒன்று நமக்கு இன்னும் எஞ்சியுள்ளது: நாளைய பக்கம்.